கரும்பு வண்டிக்கு ஒரு மின்மினி

மார்கழி, தை மாதங்களில் நம் பக்கத்துச் சாலைகளில் கரும்பு வண்டிகளைக் காணாத நாளில்லை. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் எழுந்த மாவட்டம் நம்முடையது. மாட்டு வண்டிகள் குறைந்து டிராக்டர்கள் பெருகிவிட்டன. ஆனால் சுமை ஏற்றும் முறை மட்டும் மாறவில்லை. வண்டியின் பின்பலகைக்கு அப்பாலும் கரும்பு முழக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் சிவப்பு விளக்கு இருந்தாலும், ஒளியைத் திருப்பி அனுப்பும் வில்லை இருந்தாலும், தோகை தொங்கி அதை மூடிவிடும். பனமலையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் பள்ளிக்கு வரும் தோழியர் இதை நன்கு அறிவர். பொழுது சாய்ந்தபின் மிதிவண்டியில் வீடு திரும்பும் தந்தைக்கும், வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் வரும் அண்ணனுக்கும், முன்னே நிற்கும் கரும்புச் சுமை இருட்டோடு இருட்டாகவே தெரியும். தெரியும்போது அது மிக அருகில் இருக்கும்.

அந்த வண்டியின் வாலில் கட்டிவிட ஒரு சிறிய சிவப்பு விளக்கு வேண்டும். அது அணைந்து அணைந்து எரிய வேண்டும். மூன்று பென்சில் மின்கலங்களில் இரண்டு மாதம் ஓட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படிக்கும் எவரும் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் அறிவியல் கழகத்தார் இதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

முற்காலத்தில் மாட்டு வண்டியின் அச்சுக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுவார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வண்டி ஆட, விளக்கும் ஆடும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குச் சுழலும் ஆரக்கால்களுக்கு இடையே அது மறைந்து மறைந்து தோன்றும். வண்டிக்காரர் நினைத்துச் செய்யாவிட்டாலும் அதுவும் ஒரு மின்னும் விளக்குத்தான்!

விளக்கு ஏன் மின்ன வேண்டும்? நின்று எரிந்தால் என்ன? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைகளுக்கும் தண்டவாளம் பிரியும் விழுப்புரம் சந்திப்பில் இரவில் சிறிது நேரம் நின்றால் போதும். ஒவ்வொரு ரயிலின் கடைசிப் பெட்டியின் முதுகிலும் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவதைக் காணலாம். அது அழகுக்காக வைத்ததன்று. ஒரு ரயில் நிலையத்தைக் கடக்கும்போது அந்தக் கடைசி விளக்கைப் பார்த்த பிறகே ரயில் முழுமையாகப் போய்விட்டது என்று நிலையத்தார் உறுதி கொள்வர். விளக்கு தென்படாவிட்டால் பெட்டி எதுவும் கழன்று வழியிலே நின்றுவிட்டதோ என்று ஐயுற வேண்டும். அந்தத் தடத்தில் அடுத்த வண்டியை விடக் கூடாது. பகலில் இதே வேலையைக் கடைசிப் பெட்டியில் மஞ்சள் வண்ணத்தில் எழுதிய பெருக்கல் குறி போன்ற அடையாளமும் ஒரு சிறு பலகையும் செய்கின்றன. ஒரு சிறிய விளக்கை நம்பி எத்தனை உயிர்கள் செல்கின்றன, பாருங்கள்.

கடலோரத்திலும் இதே கதைதான். சென்னை மெரினாவில் 1977ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கலங்கரை விளக்கம் பத்து நொடிக்கு இரண்டு முறை மின்னும். மாலுமி அதை எண்ணிப் பார்த்தே இது சென்னை என்று தெரிந்துகொள்வார். நின்று எரியும் விளக்கானால் அது கலங்கரை விளக்கமா, கரையோரத்து வீட்டு விளக்கா என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. பனமலைக் குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டியவன் பல்லவ மன்னன் இராசசிம்மன் என்பது நாம் வரலாற்றில் படித்தது. மாமல்லபுரத்துப் பாறையின் உச்சியில் நிற்கும் மற்றொரு பல்லவர் கோயில், புதிய கோபுரம் எழும்புவதற்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலங்கரை விளக்காகவே பயன்பட்டது. உயரமான இடம் கண்டால் அங்கே விளக்கேற்றத் தோன்றுவது மனித இயல்பு போலும்.

இனி நம் விளக்கு. வேண்டிய பொருள்கள் சிலவே. சீமாஸ் வகையைச் சேர்ந்த 555 ஐ.சி. ஒன்று, கடையில் டி.எல்.சி. 555 அல்லது ஐ.சி.எம். 7555 என்று கேட்க வேண்டும். வெறுமனே 555 என்று கேட்டால் வேறொன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் வரும் நட்டத்தைப் பின்னர் பார்ப்போம். ரெசிஸ்டர்கள் மூன்று: 1 மெகா ஓம் (பழுப்பு, கறுப்பு, பச்சை), 150 கிலோ ஓம் (பழுப்பு, பச்சை, மஞ்சள்), 220 ஓம் (சிவப்பு, சிவப்பு, பழுப்பு). 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. இது பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும், மேலே 105 என்று அச்சிட்டிருக்கும். எலக்ட்ரோலிட்டிக் வகையில் மின்னோட்டம் கசியும். நாம் பயன்படுத்தும் பெரிய ரெசிஸ்டர் வழியே வருவதே மிகச் சிறிய மின்னோட்டம், அதிலும் கசிந்துபோனால் நேரக் கணக்கு தவறும். சிவப்பு எல்.இ.டி. ஒன்று, பென்சில் கலங்கள் மூன்று, அவற்றைப் பொருத்தும் கூடு, ஒரு சுவிட்ச், துளையிட்ட சிறு பலகை. இவ்வளவுதான்.

ஐ.சி.யின் ஒரு முனையில் அரைவட்ட வெட்டு இருக்கும். அதை மேலே வைத்துப் பார்த்தால் இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 ஆகிய கால்களும், வலப்புறம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8 ஆகிய கால்களும் அமையும். எட்டாம் காலையும் நான்காம் காலையும் மின்கலத்தின் நேர் முனையோடு சேருங்கள். முதல் காலை எதிர் முனையோடு சேருங்கள். ஏழுக்கும் எட்டுக்கும் இடையே 1 மெகா ஓம். ஏழுக்கும் ஆறுக்கும் இடையே 150 கிலோ ஓம். ஆறாம் காலையும் இரண்டாம் காலையும் ஒரு கம்பியால் இணையுங்கள். இரண்டாம் காலுக்கும் எதிர் முனைக்கும் இடையே கெப்பாசிட்டர். எல்.இ.டி.யின் நீண்ட காலை நேர் முனையோடும், குட்டைக் காலை 220 ஓம் வழியாக ஐ.சி.யின் மூன்றாம் காலோடும் இணைத்தால் வேலை முடிந்தது. ஐந்தாம் காலை அப்படியே விட்டுவிடலாம். சீமாஸ் ஐ.சி. நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரத்துக்கு அஞ்சும். ஆகவே அதைத் தொடுமுன் சன்னல் கம்பியையோ தண்ணீர்க் குழாயையோ ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? பனமலை ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான வாய்க்கால் ஒன்றில் நீர் வந்து ஏரி மெல்ல நிரம்புகிறது. நீர் மூன்றில் இரண்டு பங்கு மட்டத்தை எட்டியதும் மதகுக்காரர் மதகைத் திறக்கிறார். நீர் விரைந்து இறங்கி மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் மூடிவிடுகிறார். மறுபடி நிரம்பத் தொடங்குகிறது. இங்கே ஏரி என்பது கெப்பாசிட்டர். வாய்க்கால் என்பது 1 மெகா ஓமும் 150 கிலோ ஓமும் சேர்ந்த நீண்ட வழி. மதகு என்பது ஏழாம் கால். அங்கே போக 150 கிலோ ஓமைக் கடந்தால் போதும். மதகுக்காரர்தான் ஐ.சி. மதகு திறந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில் மட்டுமே மூன்றாம் காலின் மின்னழுத்தம் தாழ்ந்து நம் எல்.இ.டி. எரியும். ஏரி நிரம்பும் நேரமெல்லாம் விளக்கு அணைந்தே இருக்கும்.

நேரத்தைக் கணக்கிடுவதும் எளிது. ஓமையும் ஃபாரடையும் பெருக்கி, அதை 0.693ஆல் பெருக்க வேண்டும். அணைந்திருக்கும் நேரம்: 11,50,000 ஓம், 0.000001 ஃபாரட், 0.693 மூன்றின் பெருக்கல், ஏறக்குறைய 0.8 நொடி. எரியும் நேரம்: 1,50,000 ஓமுக்கு அதே கணக்கு, 0.1 நொடி. ஆக 0.9 நொடிக்கு ஒரு மின்னல், நிமிடத்துக்கு 66 அல்லது 67. இந்த 0.693 என்ற எண்ணை எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுளைக் காணும்போது வந்த அதே எண்தான். காரணமும் அதுவே. ஏரி மூன்றில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்குக்கு ஏறும்போது, நிரம்ப வேண்டிய மீதி மூன்றில் இரண்டிலிருந்து ஒன்றாக, அதாவது சரிபாதியாகக் குறைகிறது. இறங்கும்போதும் இருப்பது பாதியாகிறது. மட்டங்கள் இரண்டுமே மின்கலத்தின் அழுத்தத்தில் இத்தனை பங்கு என்று அமைந்திருப்பதால், கலம் சோர்ந்தாலும் தாளம் தவறாது. ஒளி மங்குமே தவிர மின்னும் வேகம் மாறாது. 1971இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற பொறியாளர் அமெரிக்காவில் இந்த ஐ.சி.யை வடிவமைத்தார். மறு ஆண்டு விற்பனைக்கு வந்த அதன் வழித்தோன்றல்கள் இன்றும் உலகெங்கும் விற்கின்றன என்றால், இந்த எளிய மதகுக் கணக்கின் வலிமையே காரணம் எனலாம்.

இப்போது செலவுக் கணக்கு. மூன்று கலங்களின் அழுத்தம் 4.5 வோல்ட். எல்.இ.டி. ஏறத்தாழ 1.9 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், ஐ.சி.யில் சிறிது போகும். மீதி 220 ஓமின்மேல் விழும். எரியும்போது சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடும். சாதாரணப் பென்சில் கலத்தின் இருப்பு 1000 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். விளக்கு நின்று எரிந்தால் 100 மணி நேரம். இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக எட்டு இரவுகள். மின்னி எரிந்தால், ஒன்பது பங்கு நேரத்தில் ஒரு பங்குதான் எரிகிறது, சராசரி 1.15 மில்லி ஆம்பியர். ஐ.சி.க்கு 0.15 என்று சேர்த்தால் 1.3. இந்தக் கணக்கில் அறுபது இரவுக்கு மேல் ஓடும்.

பழைய வகை 555ஐப் போட்டால் என்ன ஆகும்? அது சும்மா இருப்பதற்கே சுமார் 3 மில்லி ஆம்பியர் குடிக்கும். மொத்தம் 4.15, இருபது இரவுகளில் கலம் காலி. அதாவது விளக்குக்கு ஆகும் செலவைவிட, விளக்கை ஏற்றி அணைப்பவருக்கு ஆகும் செலவு இரண்டரை மடங்கு! வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய நம் அம்மாமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சீமாஸ் வகையை நாங்கள் வற்புறுத்தியது இதற்காகத்தான். ஒளிரும் எல்.இ.டி.க்குள்ளேயே மின்னும் அமைப்பை வைத்தும் கடைகளில் விற்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைபவை. நம் கணக்குக்கு அவை ஊதாரிகள்.

அப்படியானால் எரியும் நேரத்தை இன்னும் சுருக்கினால் கலம் இன்னும் நீடிக்குமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 150க்குப் பதில் 68 கிலோ ஓம் போட்டால் எரியும் நேரம் 0.05 நொடியாகக் குறையும். கலமும் நூறு இரவு தாங்கும். ஆனால் கண் அதற்கு இசைவதில்லை. கலங்கரை விளக்குகளை ஆராய்ந்த பிளோன்டெல், ரே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1911இல் ஒரு விதியைக் கண்டனர். தொலைவிலிருந்து அரிதாகத் தெரியும் ஒரு மின்னல், நின்று எரியும் அதே விளக்கைவிட மங்கலாகவே தோன்றும். எவ்வளவு மங்கும் என்றால், மின்னும் நேரத்தை, அதே நேரத்தோடு 0.2 நொடியைக் கூட்டிய தொகையால் வகுத்தால் வரும் பங்குதான் தெரியும். 0.1 நொடி மின்னலுக்கு 0.1ஐ 0.3ஆல் வகுக்க, மூன்றில் ஒரு பங்கு ஒளி. 0.05 நொடிக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஒன்பதில் ஒரு பங்கு செலவில் மூன்றில் ஒரு பங்கு ஒளி கிடைப்பது இலாபமான பேரம் என்று எங்களுக்குத் தோன்றியது. அதற்கு மேல் சிக்கனம் பிடித்தால், சேமித்த கலம் இருக்கும், வண்டி தெரியாது.

பனமலை ஏரிக்கரையில் இருட்டிய பிறகு பெரியவர்கள் துணையோடு இதைச் சோதித்துப் பார்த்தோம். ஒருத்தி நின்று எரியும் விளக்கையும் இன்னொருத்தி மின்னும் விளக்கையும் ஏந்தி நிற்க, மற்றவர்கள் கரையின் மறுகோடிக்குச் சென்றோம். எங்கே இருக்கிறது என்று தெரிந்து உற்றுப் பார்க்கும்போது நின்று எரிந்ததே வெளிச்சமாக இருந்தது. ஆனால் இடம் தெரியாமல் தலையைத் திருப்பியவர்கள் முதலில் கண்டது மின்னியதைத்தான். கண்ணின் ஓரப் பார்வை மாற்றத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். சாலையில் வருபவர் வண்டியை எதிர்பார்த்து வருவதில்லை ஆகையால், நமக்கு வேண்டியது இந்த ஓரப் பார்வைதான்.

மின்னும் வேகத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். 0.9 நொடி இடைவெளியில் 15 மீட்டர். மெரினா விளக்கைப் போலப் பத்து நொடிக்கு இரண்டு மின்னல் என்று நாம் வைத்தால், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே வாகனம் வண்டியின் மேலேயே வந்துவிடக்கூடும். கடலில் கப்பலுக்கு ஏற்றது சாலைக்கு ஏற்காது. வேகத்தைக் கூட்டுவதிலும் எல்லை உண்டு. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி, வலிப்பு நோய் உள்ள சிலருக்குத் தீங்கு செய்யும். நொடிக்கு ஒன்று என்பதே நடுவான வழி.

செய்து முடித்தாயிற்று. இனி வண்டியில் கட்டுவது. உண்மையில் மின்சுற்றைவிட இதில்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. கண்ணாடி போலத் தெளிந்த எல்.இ.டி. குறுகிய கற்றையாக ஒளி வீசும். குலுங்கிச் செல்லும் வண்டியில் அந்தக் கற்றை ஒருமுறை வானத்தையும் ஒருமுறை மண்ணையும் பார்க்கும். பின்னால் வருபவரைப் பார்க்காது. அதன் தலையை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிட்டால் ஒளி எல்லாப் பக்கமும் பரவும். பலகையையும் கலங்களையும் மூடி இறுக்கமான சிறு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, எல்.இ.டி.யின் தலையை மட்டும் துளை வழியே வெளியே நீட்டி, துளையைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றுங்கள். மார்கழிப் பனி ஒரே இரவில் உள்ளே இறங்கிவிடும்.

டப்பாவைப் பின்பலகையில் ஆணி அடித்துப் பொருத்தக் கூடாது. அங்கேதான் தோகை மூடுகிறதே! சுமையை இறுக்கிக் கட்டும் கயிற்றின் கடைசிச் சுற்றில், கரும்பின் நுனிக்கு வெளியே தெரியுமாறு தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு நடையும் சுமை இறங்கும்போது விளக்கும் கையோடு வந்துவிடும். அடுத்த நடைக்கு மறுபடி கட்டலாம். இதற்காக டப்பாவில் ஓர் அகலமான வளையம் வைப்பது நல்லது, வண்டிக்காரரின் விரல் காய்த்துப்போன விரல். மெல்லிய கொக்கிகள் அவருக்குத் தொல்லை.

ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்புத் தாளையும் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். மின்னும் விளக்கு இருப்பைச் சொல்லும்; எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லாது. அணையும் பொழுதில் கண் அதன் இடத்தை இழந்துவிடுவதே காரணம். முகப்பு விளக்கோடு வரும் வாகனத்துக்குத் தாள் அந்தக் குறையை நிரப்பும். முகப்பு விளக்கில்லாத மிதிவண்டிக்காரருக்கோ தாள் இருந்தும் பயனில்லை; அவருக்கு நம் மின்மினி ஒன்றுதான் துணை.

கலம் தீர்ந்துகொண்டிருப்பதை மின்னலை எண்ணி அறிய முடியாது என்று முன்பே சொன்னோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, புதிய கலம் போட்ட மற்றொரு விளக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கியிருந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையவை புதியதை இழுத்துவிடும். எல்.இ.டி.யின் தலையில் படியும் தூசியையும் கரும்புப் பாலையும் ஈரத்துணியால் துடையுங்கள். வெட்டு முடிந்து வண்டி கொட்டகைக்குப் போகும் நாளில் கலங்களைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். உள்ளேயே கிடந்தால் அவை கசிந்து கம்பிகளை அரித்துவிடும்.